நம்பர் ஒன்றானால் போதுமா?

அண்ணனூரில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு பழைய ஆம்பிளிபயர் இருக்கிறது.

தேக்குப் பலகைப் பெட்டி. முன்பக்கம் நான்கு திருகுகள். ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

1978-ம் ஆண்டு தீபாவளிக்கு என் தகப்பனார் அதை வாங்கினார். அப்போது அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்தார். போனஸ் பணம் முழுவதும் அதற்கே போய்விட்டது. அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்டார். கோபம் போய்விட்டது!

அப்பா இன்று இல்லை. ஆனால் அவர் குரல் இருக்கிறது. என் தங்கையின் காதுகுத்து விழாவில் அவர் பேசியதை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறோம். பொங்கல் தோறும் அம்மா அந்தக் கேசட்டைப் போடச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஒரு பொங்கலன்று கேசட்டைப் போட்டேன். "படார்" என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பாவின் குரல் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் நான் பணத்தை இழந்தேன். ஒரு நல்ல ஸ்பீக்கரை இழந்தேன். ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். பழைய ஆம்பிளிபயரோ ரேடியோவோ வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் அந்தப் பாடம் உதவும். ஆகவே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: செத்துப்போன டிரான்சிஸ்டருக்கு மாற்று வாங்கும்போது நம்பரை மட்டும் பார்க்காதீர்கள். அது ஏன் செத்தது என்று தெரியாமல் புதிதைப் போடாதீர்கள்.

ஒன்பது நாள் வாழ்வு

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றினார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுச்சு சார். 2என் 3055. அதே நம்பர் இருக்குது. போட்டுடலாம்" என்றார்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெட்டி பாடியது. நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

ஒன்பது நாள் நன்றாகப் பாடியது. பத்தாம் நாள் வீடு முழுவதும் ரப்பர் எரிகிற வாடை. ஓடிப் பார்த்தேன். ஆம்பிளிபயரில் புகை இல்லை. ஸ்பீக்கரில் புகை வந்துகொண்டிருந்தது! உள்ளே இருந்த கம்பிச் சுருள் கருகிவிட்டது.

நம்பர் ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்சார ரயில்களின் வயிற்றைத் திறந்து பார்த்த கை அவருடையது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"தம்பி, அந்தச் செத்த சரக்கைக் கொண்டு வா. பழசு, புதுசு ரெண்டையும் கொண்டு வா" என்றார்.

கொண்டு போனேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இரும்புத் தொப்பி வைத்த மாதிரி உருவம். இரண்டின் தலையிலும் ஒரே நம்பர்.

பெரியவர் சிறிய ரம்பத்தை எடுத்தார். இரண்டு தொப்பிகளையும் அறுத்தார். உள்ளே காட்டினார்.

பழையதின் உள்ளே துவரம் பருப்பு அளவுக்கு ஒரு சில்லு இருந்தது. புதியதின் உள்ளே இருந்த சில்லு கடுகு அளவுதான்!

"துவரம் பருப்பு செய்ய வேண்டிய வேலையைக் கடுகு செஞ்சா என்ன ஆகும்? ஒன்பது நாள் உழைச்சதே பெரிசு" என்றார் பெரியவர்.

டிரான்சிஸ்டர் என்பது என்ன?

இதைப் படிக்கும் தாய்மார்களும் மாணவர்களும் கேட்கலாம்: டிரான்சிஸ்டர் என்றால் சின்ன ரேடியோ அல்லவா?

ரேடியோவுக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. உண்மையில் டிரான்சிஸ்டர் என்பது அந்த ரேடியோவுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருள். அதற்கு மூன்று கால்கள்.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி. கீழே குழாயின் வாய். நடுவில் திருகுகிற பிடி. பிடியைக் கொஞ்சம் திருகினால் நிறையத் தண்ணீர் கொட்டுகிறது. திருகும் பலம் சிறிது. கொட்டும் தண்ணீர் பெரிது.

டிரான்சிஸ்டரும் அப்படித்தான். ஒரு காலில் சிறிய மின்சாரம் வருகிறது. அது மற்ற இரண்டு கால்களுக்கு இடையே பாயும் பெரிய மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கேசட்டிலிருந்து வரும் மெல்லிய மின்சாரம் இப்படித்தான் ஸ்பீக்கரை அசைக்கிற பலம் பெறுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த விஞ்ஞானிகள். பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி என்று மூன்று பேர். கண்டுபிடித்தது 1947-ம் ஆண்டு டிசம்பரில். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பு எல்லாம் வால்வுதான். கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும். சூடாகும். உடையும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு பெட்டி சிறியதாயிற்று. விலையும் குறைந்தது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1960-களில் டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கியது. 1964-ல் டெல்லியில் காண்டினென்டல் டிவைஸ் என்ற கம்பெனி பிறந்தது. எஸ்.எல். 100, எஸ்.கே. 100 என்ற நம்பர்களை அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் யாரிடம் கேட்டாலும் முகம் மலர்வார்.

என் தகப்பனாரின் பெட்டியில் இருந்த 2என் 3055, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சரக்கு. பிறகு உலகம் முழுவதும் பல கம்பெனிகள் அதே நம்பரில் செய்தன. அதனால்தான் போலிக்காரர்களுக்கும் அந்த நம்பர் பிடித்துப்போயிற்று!

முதல் கேள்வி: ஏன் செத்தது?

பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பெட்டியின் மேல் அம்மா ஒரு துணி போட்டிருந்தார். பூ வேலை செய்த அழகான துணி. அதன் மேல் இரண்டு பொம்மைகள்.

"அம்மா, இந்தத் துணிதான் முதல் எதிரி" என்றார் பெரியவர்.

சூடு வெளியே போகப் பெட்டியின் மேல் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். துணி அதை அடைத்துவிட்டது. கோடையில் கம்பளி போர்த்திய மாதிரி!

பிறகு பின்பக்கம் பார்த்தார். ஒரு ஒயர் மாடிக்குப் போயிற்று. மாடியில் இன்னொரு ஸ்பீக்கர். அதைச் சேர்த்தது வேறு யாரும் அல்ல, நான்தான்!

"பெட்டி தாங்குறது 8 ஓம் தம்பி. நீ எட்டோட இன்னொரு எட்டைப் பக்கத்துல சேர்த்துட்டே. பதினாறு ஆகும்னு நினைச்சியா? ஆகாது. நாலாயிடும். மின்சாரம் ரெண்டு மடங்கு ஓடும்" என்றார்.

ஆக, அப்பாவின் டிரான்சிஸ்டர் தானாகச் சாகவில்லை. மேலே துணி. பின்னால் இரட்டைச் சுமை. நாங்களே கொன்றோம்.

காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பதோடு நல்ல வைத்தியர் நிற்க மாட்டார். காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்பார். மெக்கானிக்கும் அப்படிக் கேட்க வேண்டும். காரணம் அப்படியே இருந்தால், தங்கத்தில் டிரான்சிஸ்டர் செய்து போட்டாலும் அதுவும் சாகும்.

கூடச் செத்தவர்கள்

பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு கொடுமை. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தாமிரக் கம்பி சுற்றியிருந்தது! பியூஸ் என்பது வீட்டுக் காவல்காரன். ஆபத்து வந்தால் முதலில் தான் உருகி, மற்றவற்றைக் காப்பாற்றும். காவல்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது.

அதனால்தான் ஸ்பீக்கர் எரிந்தது. போலி டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டது. 25 வோல்ட் நேர் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போயிற்று. பியூஸ் தடுக்கவில்லை.

பெரிய டிரான்சிஸ்டர் தனியாகச் சாகாது. பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். அதை ஓட்டுகிற சிறிய டிரான்சிஸ்டர், அரை ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பெரியவர் சோதித்தார். ஒரு ரெசிஸ்டர் பார்க்க நன்றாக இருந்தது. மீட்டரில் செத்திருந்தது.

"ஜோடியில ஒண்ணு செத்தா ரெண்டையும் மாத்திடணும்" என்றார். ஒரு மாடு கிழடு, ஒரு மாடு இளசு என்று வண்டி பூட்டினால் வண்டி நேராகப் போகுமா?

ஐந்து பொருத்தம்

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். டிரான்சிஸ்டருக்கு ஐந்து பொருத்தம் பார்த்தால் போதும். பெரியவர் சொன்னதை நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இதோ:

முதல் பொருத்தம், ஜாதகம். டிரான்சிஸ்டரில் என்.பி.என்., பி.என்.பி. என்று இரண்டு வகை. ஒன்றில் மின்சாரம் ஓடும் திசைக்கு மற்றதில் எதிர்த்திசை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. அதோடு, எந்தப் பொருளில் செய்தது என்றும் பார்க்க வேண்டும். 1960-களில் வந்த பல பெட்டிகளில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருக்கும். ஏ.சி. 127, ஏ.சி. 128 என்ற நம்பர்கள் அந்த வகை. பிறகு வந்தவை சிலிக்கான். ஜெர்மேனியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும். சிலிக்கானை எழுப்ப 0.6, 0.7 வோல்ட் வேண்டும். ஜெர்மேனியம் இருந்த இடத்தில் சிலிக்கானை அப்படியே வைத்தால் அது பாதித் தூக்கத்தில் வேலை செய்யும். மெல்லிய பாட்டு கரகரக்கும். சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்றினால்தான் சரிவரும்.

இரண்டாம் பொருத்தம், வோல்ட். என் பெட்டியில் மேலே 25, கீழே 25 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது 25 என்று நான் நினைத்தேன். தவறு! ஒன்று முழுவதும் திறக்கும்போது, மூடியிருக்கும் மற்றதன் தலையில் இரண்டும் சேர்ந்து 50 வோல்ட் விழும். 2என் 3055 தாங்குவது 60. ஆகவே அது சரி. சின்ன டிரான்சிஸ்டர்களிலும் இந்தக் கணக்கு உண்டு. பி.சி. 546, 547, 548 மூன்றும் அண்ணன் தம்பிகள். முகம் ஒன்றுதான். ஆனால் 546 தாங்குவது 65 வோல்ட். 547 தாங்குவது 45. 548 தாங்குவது 30. பெரிய அண்ணன் இருந்த இடத்தில் கடைசித் தம்பியை நிறுத்தினால் தாங்குவானா?

மூன்றாம் பொருத்தம், ஆம்பியரும் சூடும். 2என் 3055-க்கு 15 ஆம்பியர், 115 வாட் என்று போட்டிருக்கும். இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த 115 வாட், தொப்பி 25 டிகிரியில் குளிர்ச்சியாக இருக்கும்போது சொன்ன கணக்கு. சென்னை வெயிலில், மூடிய பெட்டியில், தொப்பி 85 டிகிரிக்குச் சூடானால் அது தாங்குவது ஏறத்தாழ 75 வாட்தான். கணக்கில் எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும்.

நான்காம் பொருத்தம், பெருக்கமும் வேகமும். சிறிய மின்சாரத்தை எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது பெருக்கம். பி.சி. 547-க்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் 110 முதல் 220 மடங்கு. சி என்றால் 420 முதல் 800 மடங்கு. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

வேகம்தான் பலருக்கும் தெரியாத இடம். "இது அதைவிட உசத்தி சார். புது மாடல்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். உசத்தி எப்போதும் நல்லதல்ல. அந்தக் காலத்து 2என் 3055 மெதுவானது. நொடிக்குச் சுமார் எட்டு லட்சம் துடிப்பு வரைதான் அது பெருக்கும். 1970-களின் நடுவில் செய்முறை மாறியது. அதே நம்பரில் 25 லட்சம் துடிப்பு தாங்கும் சரக்கு வந்தது. இன்றைய ஜப்பான் வகைகளில் மூன்று கோடி தாங்குவதும் உண்டு. நம் காதுக்குக் கேட்பதோ 20 ஆயிரம் துடிப்புதான்!

வேகம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். கோயில் திருவிழாவில் மைக் "கூ" என்று கூவுவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்கே திரும்பிப் போவதால் அப்படிக் கூவுகிறது. மெதுவான டிரான்சிஸ்டருக்கென்று கட்டிய பழைய பெட்டியில் வேகமானதைப் போட்டால், அதுவும் தனக்குள் இப்படிக் கூவத் தொடங்கலாம். ஆனால் அந்தக் கூவல் நம் காதுக்குக் கேட்காது. பாட்டு லேசாகக் கெடும். பெட்டி காரணம் இல்லாமல் கொதிக்கும். ஒரு நாள் செத்துவிடும்.

ஐந்தாம் பொருத்தம், கால்கள். பி.சி. 547-ல் நடுக்கால்தான் பிடி. ஜப்பானின் 2எஸ்.சி. 1815-ல் பிடி ஓரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது தொட்டிக் கால். இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு நிறம். காலைப் பார்க்காமல் மாட்டினால் ஒரு நொடியில் கதை முடிந்தது.

இந்த ஐந்து விவரமும் ஒவ்வொரு கம்பெனியும் வெளியிடும் விவரத் தாளில் இருக்கின்றன. முன்பு அதற்குத் தடித்த புத்தகம் வாங்க வேண்டும். இன்று கையில் இருக்கும் செல்போனில் காசில்லாமல் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பையன்கூடப் படித்துச் சொல்வான்.

ரிச்சி தெருவில்

இரண்டு பேரும் அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினோம். சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து அண்ணா சாலைக்கு வந்தோம். பக்கத்தில் ரிச்சி தெரு. எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன தெரு. தெரு சின்னது. சரக்கு கடல்!

பெரியவர் முதல் கடையில் வாங்கவில்லை. நான்கு கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி: "எந்தக் கம்பெனி? பில் போட்டுத் தருவீங்களா?"

ஐந்தாவது கடைக்காரர் சிரித்தார். "பெரியவரே, ரெண்டு விலையில இருக்குது. உங்களுக்குக் குறைஞ்ச விலை சரக்கு வேணாம். இதை எடுத்துக்கிட்டுப் போங்க. பில்லும் தர்றேன்" என்றார். அவரும் வியாபாரிதான். இப்படிப்பட்ட வியாபாரியைத்தான் நாம் தேட வேண்டும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவர் சொன்ன அடையாளங்கள் இவை: கையில் வைத்தால் எடை குறைவாக இருக்கும். எழுத்து மங்கலாக அல்லது கோணலாக இருக்கும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் எழுத்து அழிந்து, அடியில் வேறு நம்பர் தெரிந்தாலும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை நம்ப முடியாத மலிவாக இருக்கும்.

நான்கு டிரான்சிஸ்டர் வாங்கினோம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரே கம்பெனி, ஒரே பொட்டலம். மைக்காத் தகடும் வெள்ளைப் பசையும் வாங்கினோம். மொத்தச் செலவு, எரிந்துபோன ஸ்பீக்கரின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை!

பல்பு சொன்ன தீர்ப்பு

வீட்டுக்கு வந்து பெரியவர் வேலையைத் தொடங்கினார். இரும்புத் தொப்பியே இந்த டிரான்சிஸ்டரின் ஒரு கால். அது அலுமினியத் தகட்டில் நேராகத் தொடக் கூடாது. நடுவில் மைக்கா வைத்தார். இருபுறமும் பசை தடவினார். சூடு தகட்டுக்குப் போக வேண்டும். மின்சாரம் போகக் கூடாது. அதற்குத்தான் மைக்கா.

வேலை முடிந்தது. உடனே பிளக்கைச் செருகப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பழைய 60 வாட் பல்பை எடுத்தார். இழை எரிகிற குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி ஒயரை இணைத்தார். இதற்குச் சீரிஸ் பல்பு என்று பெயர்.

"உள்ள தப்பு இருந்தா பல்பு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மொத்த மின்சாரத்தையும் அதே வாங்கிக்கும். டிரான்சிஸ்டர் பிழைக்கும். தப்பு இல்லேன்னா ஒரு தடவை மின்னிட்டு மங்கிடும்" என்றார்.

ஸ்விட்சைப் போட்டார். பல்பு மின்னியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மெல்ல மெல்ல மங்கியது!

அப்போதும் ஸ்பீக்கரை மாட்டவில்லை. ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் மீட்டரை வைத்தார். பாட்டு இல்லாதபோது அங்கே நேர் மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். இருந்தது. சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டரில் ஓடும் மின்சாரத்தையும் அளந்து சரிசெய்தார். பல்பை எடுத்துவிட்டு, சரியான பியூஸ் போட்டார். ஓர் ஓட்டை ஸ்பீக்கரை மாட்டி அரை மணி நேரம் பாட விட்டார். பிறகுதான் சுருள் மாற்றி வாங்கிய எங்கள் ஸ்பீக்கரை மாட்டினார்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுச் சிறுவர்கள் பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் கை வைக்க வேண்டும்.

புதிது வாங்கினால் என்ன?

"இவ்வளவு தொல்லை எதற்கு? புதுப் பெட்டி வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று என் மைத்துனர் கேட்டார்.

நியாயமான கேள்வி. சில பெட்டிகளுக்கு அதுதான் சரி. டிரான்ஸ்பார்மர் எரிந்து, போர்டு கரியாகி, பெட்டியும் துருப்பிடித்துப்போனால் அதற்கு வைத்தியம் பார்ப்பது வீண். இன்று உள்ளங்கை அளவுப் போர்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் நன்றாகவே பாடுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் என் பெட்டியில் செத்தது என்ன? இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர். மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. ஒரு பல் வலிக்கிறது என்று தலையை மாற்றுவார்களா? குப்பைக்குப் போகும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது. அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகலாம்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுக்காரர்களே! பெட்டியைத் துணியால் மூடாதீர்கள். விருப்பம்போல ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்தால், "ஏன் செத்தது?" என்று கேளுங்கள். பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள்.

மெக்கானிக்குகளே! வாடிக்கைக்காரருக்கு அவசரம் இருக்கலாம். நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒரு சீரிஸ் பல்பு மாட்ட ஐந்து நிமிடம்தான் ஆகும். போலி போட்டு ஒருமுறை கூலி வாங்கலாம். நல்லதைப் போட்டால் அந்தத் தெருவே உங்களைத் தேடி வரும்.

அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. 2022-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. நல்ல காரியம். கம்பெனிகள் தங்கள் பழைய சாமான்களின் வரைபடங்களையும் அதில் வெளியிட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகளுக்குப் போலிச் சரக்கை அறுத்துக் காட்ட வேண்டும். துவரம் பருப்பையும் கடுகையும் ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

அம்மா கேட்டார்

பெட்டி சரியான அன்று பொங்கல் அல்ல. சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

ஆனாலும் அம்மா கேசட்டை எடுத்து வந்தார். போட்டேன். முதலில் கொஞ்சம் இரைச்சல். பிறகு அப்பாவின் குரல்.

"எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று அப்பா சொன்னார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் எழுந்து வாசலுக்குப் போனார். கூலி கொடுக்கப் பின்னாலேயே போனேன். வாங்கவில்லை.

"எனக்குக் கூலி வேணாம் தம்பி. அந்தத் துணியை மட்டும் மறுபடி போடாதே" என்றார்.

பூ வேலை செய்த துணி இப்போது சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. பெட்டியின் மேல் ஒன்றும் இல்லை.